உடல்தகுதிச் சோதனைகள்: பி.டி. மாஸ்டரிடம் கேளுங்கள்

கேள்வி: ஆரோக்கியமும் உடல்தகுதியும் ஒன்றுதானே சார்? பிளஸ் டூ தேர்வுக்கு என்ன எழுத?

பதில்: ஒன்றில்லை அம்மா. நோயில்லாமல் இருப்பது மட்டுமே ஆரோக்கியம் ஆகாது என்கிறது 1948-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் சாசனம். உடல், மனம், சமூக வாழ்வு எல்லாம் நலமாக இருக்க வேண்டும். உடல்தகுதி என்பது அன்றாட வேலையைச் சோர்வில்லாமல் முடித்த பிறகும் தெம்பு மிச்சமிருப்பது. ஆரோக்கியம் சார்ந்த கூறுகள் ஐந்து: இதய-நுரையீரல் தாங்குதிறன், தசை வலிமை, தசைத் தாங்குதிறன், நெகிழ்வு, உடலின் கொழுப்பு-தசை விகிதம். வேகம், சமநிலை, சுறுசுறுப்பு போன்றவை விளையாட்டுத் திறன் சார்ந்தவை. எந்தச் சோதனையும் இவற்றில் ஒன்றிரண்டைத்தான் அளக்கும். அதை எழுதினாலே பாதி விடை வந்துவிடும்.

கேள்வி: என் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 24. நான் ஃபிட்டா?

பதில்: அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-லிருந்து உடல்பருமன் என்று வைத்திருக்கிறார்கள். தசையா கொழுப்பா என்று அதற்குத் தெரியாது. இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை.

கேள்வி: ஹார்வர்டு படியேறும் சோதனையை வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: செய்யலாம், முறையாகச் செய்தால். 1943-ல் வந்த சோதனை இது. 20 அங்குல உயரப் படி, நிமிடத்துக்கு 30 முறை, மொத்தம் 5 நிமிடம். தாளம் தப்பாமல் இருக்க, சீராகத் தட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 120 தட்டு என்று வையுங்கள். ஏற இரண்டு காலடி, இறங்க இரண்டு காலடி, தட்டுக்கு ஒன்று. முடித்தவுடன் உட்கார்ந்துவிட வேண்டும். 1 நிமிடம் கழித்து 30 விநாடிக்கு நாடி எண்ணுங்கள். 2, 3 நிமிடங்களிலும் அதேபோல். கட்டைவிரலால் எண்ணாதீர்கள், அதற்கே துடிப்பு உண்டு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக இருக்கட்டும்.

75, 65, 60 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம், கூட்டினால் 200. ஏறிய 300 விநாடியை 100-ஆல் பெருக்கி, 200-ன் இரு மடங்கால் வகுத்தால் 75. இது சராசரிக்குச் சற்று மேல். 90-ஐத் தாண்டினால் மிக நன்று, 55-க்குக் கீழே போனால் பலவீனம்.

ஒரு குறை உண்டு. கல்லூரி இளைஞர்களை வைத்து உருவாக்கிய உயரம் அது. 5 அடிப் பெண் ஏறினால் இதயத்துக்கு முன்பே தொடை தளர்ந்துவிடும். அப்போது அளந்தது தொடையைத்தான். 40 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

கேள்வி: காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கூப்பர் டெஸ்ட் உதவுமா?

பதில்: அடிப்படை தெரிந்துகொள்ள உதவும். 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் என்பதுதான் அது. உங்கள் தேர்வு வேகத்தையே 12 நிமிடம் தாங்கினால் 2570 மீட்டர் வரும். ஆனால் பயிற்சிக்கு 400 மீட்டர் சுற்றைப் பிடியுங்கள், தம்பி. ஒரு சுற்று 1 நிமிடம் 52 விநாடி. முதல் சுற்றைப் பாய்ந்து ஓடித்தான் பெரும்பாலானோர் கடைசியில் படுத்துவிடுகிறார்கள்.

கேள்வி: ஸ்பின்னர் பந்து வீசினால் போதாதா? யோ-யோ டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு வேண்டாத வேலை.

பதில்: இதற்கு உள்ளூர் ஸ்பின்னர் ஒருவர், "வேண்டாத வேலை இல்லை, 90 ஓவர் மைதானத்தில் நிற்கிறோம்" என்று பதில் அனுப்பியிருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 20 மீட்டர் ஓடித் திரும்பி வந்து, 10 விநாடி இளைப்பாறி, மறுபடி ஓட வேண்டும்; வேகம் கூடிக்கொண்டே போகும். இந்திய அணியின் பழைய தகுதி அளவான 16.1 என்ற நிலையைத் தொட மொத்தம் 1120 மீட்டர். ஓடி, நின்று, மறுபடி ஓடும் ஆட்டத்துக்கு இது பொருத்தமான சோதனைதான்.

ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவரை வெளியேற்றுவதை நான் ஏற்கவில்லை. 2018-ல் ஆப்கானிஸ்தான் டெஸ்டுக்கு முன் இந்திய வேகப்பந்து வீச்சாளர் முகமது ஷமி இதில் தோற்று அணியிலிருந்து விலக்கப்பட்டார். அதே கோடையில் இங்கிலாந்தில் டெஸ்ட் ஆடினார். பந்து வீசும் தோளை, இடுப்பை, முன்னங்கால் தாங்கும் பாரத்தை யோ-யோ அளப்பதில்லை. பயிற்சி எங்கே குறைகிறது என்று காட்டட்டும், ஆட்களைக் கழிக்கும் சல்லடையாக வேண்டாம். இதைத் தேர்வாளர்களுக்கே உரக்கச் சொல்வேன்.

கேள்வி: ஷமி விஷயம் விதிவிலக்கு சார். விதி விதிதானே?

பதில்: விதி இருக்கட்டும், எல்லோருக்கும் தெரியும்படி முன்கூட்டியே இருக்கட்டும். விதியை வைப்பதால் சோதனை அளக்காத ஒன்றை அளந்ததாக ஆகிவிடாது.

கேள்வி: பி.எம்.ஐ. 27, ஜிம் போகிறேன். நல்லதா கெட்டதா?

பதில்: மேலே சொல்லியாயிற்று. இடுப்பை அளங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. என்ன சோதிக்கலாம்?

பதில்: நாற்காலியைச் சுவரோரம் வைத்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணுங்கள். அந்த வயதுப் பெண்களுக்கு 11-க்குக் குறைந்தால் கால் வலிமை போதவில்லை. நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

கேள்வி: வயது 46. கூப்பர் ஓட்டத்தில் நெஞ்சு இறுகி இடது கை வலித்தது. நின்றதும் சரியானது. நாளைக்கு மறுபடி ஓடவா?

பதில்: ஓடாதீர்கள். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மேலே சொன்ன எச்சரிக்கை இதற்காகத்தான். இன்றே இதய மருத்துவரைப் பார்த்து, என்னிடம் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், ஈ.சி.ஜி. எடுப்பார்கள். சும்மா இருக்கும்போதே மறுபடி வலித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள்.