வகுப்பறையில் ஏஐயும் விளையாட்டும்: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஆறாம் வகுப்பில் 38 பிள்ளைகள். இருப்பது என் செல்போன் ஒன்றுதான். வினாடி வினா விளையாட்டு நடத்த முடியுமா?

பதில்: தாராளமாக முடியும் டீச்சர். பிளிக்கர்ஸ் என்ற வினாடி வினா ஆப்பின் அட்டைகளை அச்சடித்து ஆளுக்கொன்று கொடுங்கள். அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் குழப்பம் வராது. அட்டையின் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. எது விடையோ அந்த எழுத்து மேலே வரும்படி பிள்ளைகள் பிடிக்க வேண்டும். ஆப்பைத் திறந்து கேமராவை வகுப்பு முழுக்கக் காட்டினால் விடைகள் பதிவாகிவிடும். கிழியாமலிருக்கப் பளபளப்பான லேமினேஷன் போட்டுவிடாதீர்கள், ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா படிக்காது. அட்டையிலுள்ள கறுப்புக் கட்டத்தை விரல் மறைத்தாலும் இதே சிக்கல்தான்.

கேள்வி: ஏஐ தயாரிக்கும் கேள்விகளில் தவறான விடைகள் சப்பென்று இருக்கின்றன. பிள்ளைகள் யோசிக்காமலே சரியானதைச் சொல்லிவிடுகிறார்கள்.

பதில்: உழைக்க வேண்டிய இடமே இதுதான். "பின்னக் கூட்டலில் 10 கேள்வி" என்று மட்டும் கேட்டால் ஏதோ நான்கு எண்கள் வரும். பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழைகளை எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு தவறான விடையும் அவற்றில் ஒன்றால் வருவதாக அமைக்கச் சொல்லுங்கள்.

1/2 + 1/3 எடுத்துக்கொள்வோம். சரியான விடை 5/6. ஒரு பிள்ளை 2/5 என்றால் தொகுதிகளைத் தனியாக, பகுதிகளைத் தனியாகக் கூட்டியிருக்கிறது. 2/6 என்றால் பொதுப் பகுதி கண்டுபிடித்துவிட்டு, தொகுதிகளை மாற்ற மறந்திருக்கிறது. 1/6 என்றால் பெருக்கியிருக்கிறது. மூவருக்கும் மறுநாள் சொல்லித்தர வேண்டியது வெவ்வேறு.

பாடநூல் பக்கத்தையும் படமெடுத்துக் கொடுங்கள், கலைச்சொற்கள் பெரும்பாலும் நம் புத்தகப்படி வரும். ஒவ்வொரு கணக்கையும் நீங்களே போட்டுப் பார்த்துவிடுங்கள், விடைக்குறிப்பிலேயே தப்பு வருவதுண்டு.

கேள்வி: பாதிப் பேர் தவறாகச் சொன்னால் உடனே விளக்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் உருவாக்கிய முறைப்படி, 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் விடையை வெளியிடாமல் பக்கத்துப் பிள்ளையோடு விவாதிக்கவிட்டு மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்ல வேண்டும். 30க்குக் கீழே என்றால் கரும்பலகைக்குத் திரும்புங்கள்.

கேள்வி: கஹூட் என்ற ஆன்லைன் வினாடி வினா விளையாட்டில் நிதானமாக யோசிக்கும் பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்கள்.

பதில்: வேகத்துக்குப் புள்ளி தருவதால்தான். 20 நொடிக் கேள்விக்கு 18ஆவது நொடியில் சரியாகச் சொன்னால் 1000க்கு 550. நேரத்தை 120 நொடியாக்குங்கள், அதே 18ஆவது நொடிக்கு 925 கிடைக்கும். கணக்குப் பாடத்துக்கு 20 நொடி வைப்பது நியாயமே இல்லை.

கேள்வி: பிள்ளைகளே சாட்ஜிபிடியில் கேட்கலாமா?

பதில்: 13 வயதுக்குள் கூடாது, அதன் விதியே அப்படி. 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும். ஆறாம் வகுப்பில் நீங்கள் கேட்டு, வந்த விடையில் பிழை தேடும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பெயரோடு மதிப்பெண் பட்டியலை மட்டும் அதில் ஏற்றிவிடாதீர்கள்.