தரம் 5 வெட்டுப்புள்ளி: காத்திருக்கும் பெற்றோருக்குச் சில பதில்கள்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு கைக்கு வந்துவிட்டது. தரம் 6 அனுமதிக்கான பாடசாலை வெட்டுப்புள்ளிகள் இன்னும் வரவில்லை. கொழும்பில் தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு நித்திரை இல்லாத காலம் இது. பல வருடங்கள் தரம் 5 வகுப்பு எடுத்தவள் என்ற முறையில் வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பாடசாலைக்கு இத்தனை புள்ளி வரும் என்று நான் எண் சொல்ல மாட்டேன்.

வெள்ளவத்தை, ஒரு தாய்: டீச்சர், மகனுக்கு 200க்கு 158 புள்ளி. மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டான். அப்படியென்றால் ரோயல் கிடைத்த மாதிரித்தானே? சொந்தக்காரர் எல்லாரும் வாழ்த்திவிட்டார்கள்.

முதலில் மகனுக்கு என் வாழ்த்தும். ஆனால் அம்மா, நீங்கள் இரண்டு வெட்டுப்புள்ளிகளை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கொழும்பில் பாதிப்பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெறுபேற்றோடு பரீட்சைத் திணைக்களம் வெளியிடுவது மாவட்ட வெட்டுப்புள்ளி. மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் அது மாறும். அதைத் தாண்டிய பிள்ளை புலமைப்பரிசிலுக்குத் தகுதி பெற்ற பிள்ளை. வருமான நிபந்தனைக்குள் குடும்பம் வந்தால் மாதாந்த உதவுதொகைக்கும் விண்ணப்பிக்கலாம். அந்த எண் சொல்வது அவ்வளவுதான்.

பாடசாலை வெட்டுப்புள்ளி வேறு. அதை வெளியிடுவது கல்வி அமைச்சு, அதுவும் விண்ணப்பங்களை எல்லாம் பார்த்த பிறகு. ரோயலுக்கு ஒன்று, டி.எஸ். சேனாநாயக்கவுக்கு ஒன்று, பம்பலப்பிட்டி இந்துவுக்கு ஒன்று, இராமநாதன் மகளிருக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். பலரும் கேட்கும் பாடசாலைகளில் அது மாவட்ட வெட்டுப்புள்ளியை விட நன்றாக மேலே நிற்கும். மகன் தாண்டியது முதலாவதை. இரண்டாவது இன்னும் பிறக்கவே இல்லை. சொந்தக்காரர் வாழ்த்தட்டும், அது அவன் உழைப்புக்கு. பாடசாலைப் பெயரைச் சொல்லி மட்டும் பிள்ளைக்கு முன்னால் வாழ்த்தவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். நாளைக்கு வேறு பாடசாலை கிடைத்தால், தான் தோற்றுவிட்டதாக அவன் நினைப்பான்.

கொட்டாஞ்சேனை, ஒரு தந்தை: பாடசாலை வெட்டுப்புள்ளியை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள்? ஏன் முன்கூட்டியே சொல்ல முடியாது?

நல்ல கேள்வி. இது விளங்கினால் மற்றக் கேள்விகளில் பாதி கரைந்துவிடும்.

யாரும் மேசையில் இருந்து ஓர் எண்ணைத் தீர்மானிப்பதில்லை. ஒரு பாடசாலையில் தமிழ்மொழி மூலம் தரம் 6 இல் இத்தனை இடம் இருக்கிறது. அந்தப் பாடசாலையைக் கேட்ட பிள்ளைகள் புள்ளி வரிசையில் நிற்கிறார்கள். மேலிருந்து இடம் நிரம்பிக்கொண்டு வருகிறது. கடைசி இடம் எந்தப் பிள்ளைக்குப் போகிறதோ, அந்தப் பிள்ளையின் புள்ளிதான் வெட்டுப்புள்ளி. பஸ்ஸில் கடைசியாக ஏறியவர் யார் என்பது பஸ் புறப்பட்ட பிறகுதானே தெரியும்.

ஆக மூன்று விஷயங்கள் சேர்ந்துதான் இந்த எண் வருகிறது: எத்தனை இடம், எத்தனை பேர் கேட்டார்கள், கேட்டவர்கள் என்ன புள்ளி எடுத்தார்கள். கடைசி இரண்டும் ஒவ்வொரு வருடமும் மாறும். வினாத்தாள் இலகுவாக இருந்த வருடம் எண் ஏறும், கடினமான வருடம் இறங்கும். இறங்கினால் பிள்ளைகள் மோசம் என்றோ, ஏறினால் கெட்டிக்காரர் என்றோ அர்த்தமில்லை. சிங்களமொழி மூலத்தின் எண்ணையும் நம்முடைய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதிலும் பயனில்லை. வரிசை வேறு, இடங்களும் வேறு.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம். விருப்பத் தெரிவு போடும்போது உங்களுக்கு உண்மையாகவே விருப்பமான பாடசாலையை மேலே போடுங்கள். "கிடைக்காதாம்" என்று யாரோ சொன்னதற்காக அதைக் கீழே தள்ளவேண்டாம். கீழ்த் தெரிவுகளிலும் பிள்ளையை மனதோடு அனுப்பக்கூடிய பாடசாலையை மட்டும் எழுதுங்கள்.

தெஹிவளை, ஒரு தாய்: மகளுக்கு 149. வட்ஸ்அப்பில் "எதிர்பார்க்கப்படும் வெட்டுப்புள்ளி" என்று ஒரு பட்டியல் வந்தது. அதன்படி இராமநாதனும் இல்லை, சைவ மங்கையரும் இல்லை. இரண்டு நாளாக வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அந்தப் பட்டியலை அழித்துவிடுங்கள். யார் விண்ணப்பித்தார்கள் என்பதே தெரியாமல் யாரும் அப்படி ஒரு பட்டியல் தயாரிக்க முடியாது. பெரும்பாலும் போன வருட எண்ணோடு இரண்டு மூன்றைக் கூட்டியோ கழித்தோ எழுதுவார்கள்.

போன வருடங்களோடு ஒப்பிடுவது ஏன் பிழை என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2024 செப்டெம்பர் 15 அன்று நடந்த பரீட்சையில் முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. மறுபரீட்சை வைக்கவில்லை. அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்குவதென்று 2024 டிசம்பர் 31 இல் முடிவானது, பெறுபேறு 2025 ஜனவரியில்தான் வந்தது. அப்படி ஒரு வருடத்தின் எண்ணை எடுத்து இன்னொரு வருடப் பிள்ளையை அளப்பதில் என்ன நியாயம்?

மகளைச் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்களும் சாப்பிடுங்கள்.

மட்டக்குளி, ஒரு தாய்: மகள் 84. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் 'ஃபெயில்' என்று சொல்கிறார்களாம். அழுதுகொண்டு வந்தாள். இது ஃபெயில்தானா டீச்சர்?

இல்லவே இல்லை. 200க்கு 70ஐத் தாண்டிய பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைப் பரீட்சைத் திணைக்களமே தனியாகச் சொல்கிறது. உங்கள் மகள் அதற்கு மேலே நிற்கிறாள். இன்னொன்று, இது கட்டாயப் பரீட்சையும் அல்ல. எழுதாத பிள்ளையும் தரம் 6க்குப் போகும். மகளின் பாடசாலையில் மேல் வகுப்புகள் இருந்தால் அங்கேயே தொடரலாம். தரம் 5 வரை மட்டும் உள்ள பாடசாலை என்றால் அதிபரிடம் பேசுங்கள், அடுத்த பாடசாலைக்கு வழி காட்டுவார்.

பத்து வயதுப் பிள்ளைக்கு 'ஃபெயில்' என்ற சொல்லை யார் கற்றுக்கொடுத்தது என்பதுதான் என் கவலை. பிள்ளைகள் அதை வீட்டில் கேட்டுத்தான் வகுப்பில் சொல்கிறார்கள். வகுப்பாசிரியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நான் வகுப்பில் இருந்திருந்தால் அன்றைக்கே அதை நிறுத்தியிருப்பேன். மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: 84 அவளுடைய புள்ளி, அவள் எழுதி எடுத்தது.

வெள்ளவத்தை, ஒரு தந்தை: 165. ரோயல் வருமா?

கொட்டாஞ்சேனைத் தந்தைக்கு எழுதியதை வாசியுங்கள்.

கிராண்ட்பாஸ், ஒரு தந்தை: மகன் சொன்ன விடைகளை வைத்துப் பார்த்தால் இன்னும் பத்துப் புள்ளியாவது வரவேண்டும். மீள்பரிசீலனைக்குப் போடலாமா?

போடலாம். அதிபர் மூலம்தான் போகவேண்டும், குறித்த திகதிக்குள் இணையவழியில் செய்வார்கள். திகதி தவறினால் ஏற்கமாட்டார்கள், ஆகவே இன்றைக்கே பாடசாலைக்குப் போங்கள். ஆனால் பத்து வயதுப் பிள்ளை வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து சொல்லும் விடைக்கும் தாளில் எழுதிய விடைக்கும் இடையில் வித்தியாசம் இருக்கும். பத்துப் புள்ளி ஏறும் என்று நம்பிக்கொண்டிருக்கவேண்டாம்.

கொலன்னாவை, ஒரு தாய்: உதவுதொகை எவ்வளவு? எல்லாருக்கும் கிடைக்குமா?

750 ரூபாயாக இருந்ததை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 1500 ரூபாயாக உயர்த்தினார்கள். எல்லாருக்கும் இல்லை. மாவட்ட வெட்டுப்புள்ளியையும் தாண்டவேண்டும், குடும்ப வருமானமும் எல்லைக்குள் இருக்கவேண்டும். படிவத்தை அதிபரிடம் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம், இந்தப் பரீட்சையே அதற்காக வந்ததுதான்.

பம்பலப்பிட்டி, ஒரு தந்தை: நான் நேராகக் கேட்கிறேன். நுவரெலியா போன்ற மாவட்டங்களுக்கு வெட்டுப்புள்ளியைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். கொழும்பில் இரவு பகலாகப் படித்த என் மகளின் இடத்தை, அவளை விடக் குறைந்த புள்ளி எடுத்த பிள்ளை எடுத்துக்கொண்டு போவது நியாயமா?

நானும் நேராகச் சொல்கிறேன். அப்படி ஒன்று நடப்பதே இல்லை. குறைவாக இருப்பது மாவட்ட வெட்டுப்புள்ளி. அது உதவுதொகைக்கான தகுதியைப் பற்றியது. கொழும்புப் பாடசாலை ஒன்றில் இடம் கேட்டால், ஹட்டனிலிருந்து கேட்டாலும் பம்பலப்பிட்டியிலிருந்து கேட்டாலும் அந்தப் பாடசாலையின் வெட்டுப்புள்ளி ஒன்றுதான். குறைந்த புள்ளியோடு யாரும் உங்கள் மகளைத் தாண்டிப் போவதில்லை.

அதே தந்தை: சரி, பாடசாலை விஷயம் விளங்குகிறது. ஆனாலும் காசு விஷயத்திலாவது ஒரே பரீட்சைக்கு ஒரே அளவுகோல் இருக்கவேண்டாமா?

கொட்டாஞ்சேனை, ஓர் இளைஞர்: டீச்சர், இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படித்துப் புலமைப்பரிசில் எடுத்தவன், இப்போது கொழும்பில் வேலை. எங்கள் பாடசாலையில் இரண்டு வகுப்புக்கு ஓர் ஆசிரியர். ரியூஷன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அந்த உதவுதொகையில்தான் என் கொப்பி, சப்பாத்து எல்லாம். ஐயா பேசும் அளவுகோலை எங்கே வைத்து அளப்பது?

பம்பலப்பிட்டித் தந்தை: தம்பி, உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. இங்கேயும் கஷ்டப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன என்றுதான் சொல்கிறேன்.

இருவரும் பேசியது நல்லது. ஐயா கடைசியாகச் சொன்னது உண்மை. மட்டக்குளியிலும் கிராண்ட்பாஸிலும் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். கொழும்பு மாவட்டம் என்ற ஒரே பெயருக்குள் வெள்ளவத்தையும் இருக்கிறது, அந்த வீடுகளும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு மாவட்ட எண் அநியாயம் செய்கிறது என்று நீங்கள் சொன்னால் நான் உங்கள் பக்கம்.

ஆனால் அதற்குப் பரிகாரம் நுவரெலியாவின் எண்ணை உயர்த்துவது அல்ல. இந்தப் பரீட்சையின் வேர் எங்கே என்று பாருங்கள். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1940களில் கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளைத் திறந்தார்கள். 1945 இல் இலவசக் கல்வி வந்தது. வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளையைத் தேடி எடுத்து, நல்ல பாடசாலையில், விடுதியில் வைத்துப் படிப்பிக்கத்தான் புலமைப்பரிசில். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பெடுக்கத் தொடங்கியதே 1970களில்தான். அவ்வளவு பிந்தி ஓட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளையும் கொழும்பில் மூன்று இடத்தில் ரியூஷன் போகும் பிள்ளையையும் ஒரே எண்ணால் அளந்தால், நாம் அளப்பது பிள்ளையின் கெட்டித்தனத்தை அல்ல, வீட்டின் வசதியை. உதவுதொகை வசதிக்குப் பரிசாகப் போகக்கூடாது. இதில் நான் மாறமாட்டேன்.

இதைப் பற்றி இன்னும் எழுத ஆசைதான். ஆனால் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வத்தளை, ஒரு தாய்: மகனுக்குக் கொழும்பு 7 இல் கிடைக்கும் போல இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்திலும் பரவாயில்லாத பாடசாலை இருக்கிறது. எதை எடுப்பது?

பாடசாலை 7.30க்குத் தொடங்கும். வத்தளையிலிருந்து வான் எத்தனை மணிக்கு வரும், பிற்பகல் எத்தனை மணிக்கு வீட்டில் இறக்கும் என்று வான்காரரிடமே கேளுங்கள். பிறகு ஒரு நாள் அந்த நேரத்துக்கே மகனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். களனிப் பாலத்து நெரிசலில் உட்கார்ந்து பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மகனுக்குக் களைப்புத் தாங்கும், விளையாட்டோ இசையோ அங்கேதான் கிடைக்கும் என்றால் அனுப்புங்கள். பெயருக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

வெள்ளவத்தை, ஒரு தாய்: 161, இசிபதன கிடைக்குமா?

தெஹிவளை, ஒரு தந்தை: 154, பம்பலப்பிட்டி இந்து?

மருதானை, ஒரு தந்தை: 157க்கு எது கிடைக்கும் என்று ஓர் உத்தேசமாவது சொல்லுங்களேன்.

மூவருக்கும் ஒரே பதில்: எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. இனிமேல் புள்ளியையும் பாடசாலையையும் மட்டும் எழுதிக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதமாட்டேன். உத்தேசம் என்று நான் ஓர் எண் சொன்னால் நாளைக்கு அது "டீச்சர் சொன்னது" என்று வட்ஸ்அப்பில் சுற்றும். தெஹிவளைத் தாயைப் போல இன்னும் எத்தனை வீடு பட்டினி கிடக்கவேண்டும்?

கல்கிஸ்ஸை, ஒரு தந்தை: மகள் சர்வதேசப் பாடசாலையில் படிக்கிறாள். அடுத்த வருடம் இந்தப் பரீட்சை எழுதி அரச பாடசாலைக்கு மாறலாமா?

இது அரச பாடசாலைகளுக்கும் அரசு அங்கீகரித்த தனியார் பாடசாலைகளுக்கும் உரிய பரீட்சை. மாற்றம் பற்றி வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள்.

பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்ட ஒருவர்: அமைச்சில் ஆள் இருக்கிறது, இரண்டு மூன்று புள்ளி குறைந்தாலும் இடம் எடுத்துத் தரலாம் என்று ஒருவர் பணம் கேட்கிறார். பாதி இப்போது, பாதி பிறகாம்.

கொடுக்கவே வேண்டாம். வெட்டுப்புள்ளி வந்து உங்கள் பிள்ளைக்குத் தானாக இடம் கிடைத்தால் "நான்தான் எடுத்துத் தந்தேன்" என்று மீதியையும் வாங்குவார். கிடைக்காவிட்டால் தொலைபேசியை எடுக்கமாட்டார். அவருக்கு இரண்டு பக்கமும் லாபம். வட்ஸ்அப் பட்டியலால் நித்திரை போகிறது, இதனால் நித்திரையோடு நகையும் போகும். பணம் கொடுப்பதும் குற்றம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

கொட்டாஞ்சேனை, ஒரு தாய்: வெட்டுப்புள்ளி வந்து ஒரு புள்ளியால் தவறினால் பிறகு ஒன்றும் செய்ய முடியாதா?

மேன்முறையீடு உண்டு. வெட்டுப்புள்ளி வந்த பிறகு அமைச்சு காலம் அறிவிக்கும், இணையவழியில் போடவேண்டும். கிடைத்த இடத்தைச் சிலர் ஏற்காமல் விடுவார்கள், அதனால் கொஞ்சம் வெற்றிடம் வரும். ஒரு புள்ளியில் தவறியவர்கள் கட்டாயம் முயற்சி செய்யுங்கள். பெறுபேற்றுத் தாள், சுட்டிலக்கம், பிறப்புச் சான்றிதழ், முதல் விண்ணப்பத்தின் பிரதி எல்லாவற்றையும் இப்போதே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஆனால் மேன்முறையீட்டுப் பதில் வரும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்கவேண்டாம். கிடைத்த பாடசாலையில் முதல் நாளே சேர்த்துவிடுங்கள், புத்தகங்களும் அங்கேதான் கொடுப்பார்கள்.