மரத்துக்குள் பழைய காற்று: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மர வளையத்தில் கார்பன்-14 (கார்பனின் கதிரியக்க வகை) அளந்து அந்தக் காலத்துக் காற்றைப் பற்றிச் சொல்கிறார்களே, மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றை இழுத்துக்கொண்டுதானே இருக்கும், பழைய வளையத்தில் புதுக் கார்பன் கலந்துவிடாதா?

பதில்: கலக்காது. புது மரம் பட்டைக்கு அடியில்தான் உருவாகிறது. உள்ளே இருக்கும் வளையத்தின் செல்லுலோஸ் (மரத்தின் நார்ப்பொருள்) ஒருமுறை உருவானால் அவ்வளவுதான், அதில் இருப்பது பெரும்பாலும் அந்த வருடத்துக் காற்றின் கார்பன். ஆனால் பிசின் வளையம் விட்டு வளையம் நகரும். அதனால்தான் ஒரே ஒரு வளையத்தைப் பிளேடால் சீவி எடுத்து, அமிலம், காரம், பிளீச் என்று மாற்றி மாற்றி ஊறவைத்து, கடைசியில் வெள்ளையாக மிஞ்சும் செல்லுலோஸை மட்டும் எரித்து, வரும் கார்பன் டை ஆக்சைடை கிராஃபைட் என்ற திடக் கார்பன் ஆக்கி, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் ஆக்சிலரேட்டர் கருவியில் அளக்கிறார்கள். ஒரு மில்லிகிராம் கார்பன் இருந்தாலே போதும்.

கேள்வி: கார்பன்-14 தானாகவே சிதையுமே, அதை எப்படிக் கழிப்பது?

பதில்: வளையத்தை எண்ணினால் வயது தெரிந்துவிடுகிறது. சுமார் 5,730 வருடத்தில் பாதியாகும் என்பதும் தெரியும். சிதைந்ததைக் கணக்குப் போட்டுத் திரும்பச் சேர்த்தால் சரி.

கேள்வி: இதனால் என்னதான் தெரிந்தது?

பதில்: நிறைய. நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான வருடப் பழசு, அவற்றில் கார்பன்-14 மிச்சமே கிடையாது, அந்தப் புகை சேரச் சேரக் காற்றில் அதன் விகிதம் குறைகிறது. இதை ஹான்ஸ் சூயஸ் என்ற வேதியியலாளர் 1955-லேயே மர வளையங்களை வைத்துக் காட்டிவிட்டார். அப்புறம் அணுகுண்டுச் சோதனைகள் வந்து காற்றில் புதிதாகக் கார்பன்-14-ஐ உண்டாக்க, 1963 வாக்கில் வட அரைக்கோளத்துக் காற்றில் அந்த அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. வெளியில் வெடிக்கக் கூடாது என்று அந்த வருடமே ஒப்பந்தம் போட்டதும் இறங்க ஆரம்பித்தது, ஆனால் சிதைந்து இறங்கவில்லை (பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், இத்தனை சீக்கிரம் அது எப்படிச் சிதையும்?), கடலும் செடிகொடியும் உறிஞ்சிக்கொண்டன, போதாததற்கு மேலும் மேலும் புகை.

எனக்குப் பிடித்தது வேறு. 2012-ல் ஜப்பானின் ஃபுசா மியாகே குழு, சுகி எனப்படும் ஜப்பானிய சீடர் மரத்தின் வளையங்களில் கி.பி. 774-க்கும் 775-க்கும் நடுவே கார்பன்-14 சுமார் 1.2 சதவீதம் திடீரென எகிறியிருப்பதைக் கண்டது. சூரியன் திடீரெனச் சீறியபோது பாய்ந்த துகள்கள் காற்றில் கார்பன்-14-ஐ உண்டாக்கியிருக்கும் என்பதே பலரின் கணிப்பு. 993 வாக்கிலும் இப்படி ஒன்று உண்டு, அது உலகம் முழுக்க மரங்களில் பதிவாகியிருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் வைக்கிங்குகள் (அந்தக் காலத்து வட ஐரோப்பியக் கடலோடிகள்) வெட்டிய மரத்துண்டுகளில் அந்த வளையத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து பட்டை வரை எண்ணினார்கள். வெட்டிய வருடம் 1021.