குடியேறிகளைத் தடுக்க அமெரிக்க அரசால் முடியவில்லையா?

கேள்வி: சூ பழங்குடியினரோடு ஒப்பந்தம் போட்ட அமெரிக்க அரசு, அவர்கள் நிலத்தில் புகுந்த வெள்ளையரைத் தடுக்க முடியாமல்தான் கைவிட்டதா?

இல்லை. அரசால் தடுக்க முடிந்தது, கொஞ்ச காலம் தடுக்கவும் செய்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

1868 ஃபோர்ட் லாரமி ஒப்பந்தத்தின்படி, இன்றைய தெற்கு டகோட்டாவில் மிசௌரி ஆற்றுக்கு மேற்கே உள்ள நிலம், பிளாக் ஹில்ஸ் மலைகள் உட்பட, சூ மக்களுக்கு உரியது. அனுமதி இல்லாத எவரையும் அங்கே குடியேறவோ கடந்துபோகவோ விடமாட்டோம் என்று அரசு எழுதிக் கொடுத்தது. நிலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதென்றாலும் வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் கையெழுத்திட வேண்டும்.

1874-இல் ராணுவ அதிகாரி கஸ்டரின் படை அந்த மலைகளுக்குள் போய், தங்கம் இருப்பதாகச் செய்தி அனுப்பியது. உடனே கூட்டம் கிளம்பிவிட்டது. 1875 வசந்தத்தில் ராணுவமே உள்ளே போய்ச் சுரங்கக்காரர்கள் சிலரை வெளியேற்றியது. அதே ஆண்டு அரசு 60 லட்சம் டாலருக்கு மலைகளை விலை பேசியது. சூ தலைவர்கள் சம்மதிக்கவில்லை.

அப்புறம் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். நவம்பர் 1875-இல் ஜனாதிபதி கிராண்ட் வெள்ளை மாளிகையில் தளபதிகளோடு ரகசியமாகக் கூடிப் பேசினார். நுழைவுத் தடை காகிதத்தில் அப்படியே இருக்கட்டும், ராணுவம் மட்டும் இனி யாரையும் தடுக்க வேண்டாம் என்று முடிவானது. வேட்டைப் பகுதிகளில் இருந்த சூ மக்கள் 1876 ஜனவரி 31-க்குள் அரசு முகாம்களுக்கு வந்துவிட வேண்டும் என்ற உத்தரவும் பிறந்தது. கடுங்குளிரில், குழந்தை குட்டிகளோடு! வராதவர்கள் மீது போர். லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரைச் சண்டையில் கஸ்டர் செத்தது அந்தப் போரில்தான்.

அடுத்து நாடாளுமன்றம் பசியை ஆயுதமாக்கியது: மலைகளைக் கொடுக்காவிட்டால் ரேஷன் கிடையாது. அப்படியும் கையெழுத்திட்டவர்கள் பத்தில் ஒரு பங்குதான். 1877-இல் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டார்கள்.

1980-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வட்டியோடு பத்துக் கோடி டாலருக்கு மேல். சூ மக்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்கள் கேட்பது நிலத்தை. அது நடக்காத காரியம் என்று நான் நினைக்கவில்லை. பிளாக் ஹில்ஸில் பெரும்பகுதி இன்றும் அரசு வனம், யார் வீட்டையும் பிடுங்க வேண்டியதில்லை. அந்த வகையில் 13 லட்சம் ஏக்கரைத் திருப்பிக் கொடுக்க 1980-களில் செனட்டர் பில் பிராட்லி மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.