சொத்தும் சேமிப்பும் இல்லாமல் மகளைப் பொறியியல் படிக்க வைக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் ஒரு விசைத்தறித் தொழிலாளி. ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள். குடும்பத்தில் இதுவரை பட்டதாரி எவரும் இல்லை. மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, இவ்வாண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறார். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்று, கலந்தாய்வுக்கு முன்பே சேர்ந்தால் 75 சதவீத ‘ஸ்காலர்ஷிப்’ தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறது. சேர்த்துவிடலாமா, மீதிப் பணத்துக்கு வங்கிக் கடன் கிடைக்குமா என்பது அவரது கேள்வி.

தனியார் கல்லூரி ஒன்றில் உதவித்தொகைக் கோப்புகளைக் கவனிப்பது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முன்பணம் கட்ட வேண்டாம், கலந்தாய்வு முடியும் வரை பொறுத்திருங்கள். தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கான அரசு உதவிகளில் பெரும்பகுதி, மாணவருக்கு இடம் எந்த வழியில் கிடைத்தது என்பதைப் பொறுத்தே அமைகிறது. சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மையினர் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்கு ஒப்படைக்கின்றன. மீதமுள்ளவை நிர்வாக ஒதுக்கீடு. கலந்தாய்வுக்கு முன்பே உங்களை அழைப்பவர்கள் தருவது இந்த நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தைத்தான்.

அவர்கள் சொல்லும் 75 சதவீதம் எந்தத் தொகையில் கழிக்கப்படுகிறது, நான்கு ஆண்டுகளுக்கும் உண்டா, அரியர் விழுந்தால் நின்றுவிடுமா என்று கல்லூரியின் முத்திரையுடன் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அது முதலாண்டுச் சலுகை மட்டுமே என்பது அப்போது தெரிந்துவிடும். கல்லூரி தானே நிர்ணயித்த கட்டணத்தில் தானே கழிவு தருவதை அரசின் உதவித்தொகையோடு சேர்த்து எண்ணக் கூடாது. இடம் உறுதியாகும் முன் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் அசலாக எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அவை அங்கே மாட்டிக்கொண்டால் கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைத்தாலும் பயனில்லை.

உங்கள் மகளுக்கு உடனடியாகப் பொருந்துவது முதல் பட்டதாரி சலுகை. இதற்குச் சாதியும் வருமானமும் தடையில்லை. கலந்தாய்வு வழியாகச் சுயநிதிக் கல்லூரியில் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறையும். அதை அரசு கல்லூரிக்குச் செலுத்துகிறது. பெற்றோர், உடன்பிறந்தோர், இருவழித் தாத்தா பாட்டி ஆகியோரில் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. மூத்த பிள்ளை ஏற்கெனவே இந்தச் சலுகையைப் பெற்றிருந்தாலும் கிடைக்காது. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை முடிந்து கைக்கு வர நாளாகும் என்பதால், வருமானச் சான்றிதழோடு சேர்த்து இன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உங்கள் மகளுக்குப் பொருந்தாது. (2021 முதல் அந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது; ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால் முதலில் அங்கே பார்க்கட்டும்.) ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், முதலில் அரசுப் பள்ளி மாணவியருக்கென்று 2022-இல் தொடங்கி, பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தோருக்கும் விரிவாக்கப்பட்டது. வேறு உதவித்தொகை பெற்றாலும் இது தடைபடாது. பேருந்துச் செலவுக்காவது ஆகும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகளின் உதவித்தொகைகளுக்குக் குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகையை நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கு வழங்குவதில்லை என்பது 2018 முதல் மத்திய அரசின் விதி. இதை அறியாமல் முன்பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு, பிறகு எங்கள் ஜன்னல் முன்னால் வந்து நிற்கும் பெற்றோருக்கு நாங்கள் செய்யக்கூடியது எதுவும் இருப்பதில்லை.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏஐசிடிஇ) பிரகதி உதவித்தொகை மாணவியருக்கு மட்டுமே உரியது. ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. மதிப்பெண் வரிசையில் தேர்வு செய்வதால் கைக்கு வரும் வரை அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதலாண்டிலேயே தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பம் சரியாக இருந்தும் பணம் வராமல் போவதற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம் வங்கிக் கணக்கு. உதவித்தொகை, ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கே போகும். பள்ளியில் திறந்த பழைய கணக்கு அதுவாக இருந்து, இயக்கமில்லாமல் முடங்கியிருந்தால் பணம் திரும்பிவிடும். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னாலும் ஆதாரில் தந்தை பெயர் பின்னால் முழுமையாகவும் இருப்பது இன்னொரு தொல்லை. இரண்டையும் கல்லூரி திறக்கும் முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். அப்படிச் செய்தாலும் உதவித்தொகை பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியில்தான் வரும். முதல் பருவக் கட்டணத்துக்கு அதை நம்பியிருக்க முடியாது.

அந்த இடைவெளிக்குத்தான் கல்விக் கடன். வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை மாணவர் பங்குத் தொகையும் இல்லை, சொத்து அடமானமும் இல்லை; பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். கடன் உத்தரவாத நிதியின் கீழ் 7.5 லட்சம் வரையும் அடமானமின்றி வழங்க வழியுண்டு. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழித்தே தவணை தொடங்கும்.

ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் 10 சதவீதத் தனிவட்டியில் வாங்கினால், தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் மானியத் திட்டம் உள்ளது. ஆனால் கல்லூரிக்கு நாக் (உயர்கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பிடும் தேசிய அமைப்பு) அங்கீகாரமோ, படிப்புக்கு என்பிஏ (தொழில்நுட்பப் படிப்புகளைத் தரமதிப்பிடும் தேசிய வாரியம்) அங்கீகாரமோ இருக்க வேண்டும். ஆகவே கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் தயாரிக்கும்போதே ஒவ்வொரு கல்லூரிக்கும் இதைப் பார்த்து எழுதுங்கள்.

கிளையில் நிலப் பத்திரம் கேட்டால் வாக்குவாதம் வேண்டாம். வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பித்து, மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள். கல்விக் கடனை நிராகரிக்கக் கிளை மேலாளருக்கு மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று அந்த மாதிரித் திட்டமே சொல்கிறது.