கரண்டு பில்லைக் கட்டாமல் அரசு மேல் வழக்கு போடலாமா?

கேள்வி: ராதாபுரம் தாலுகாவில் எங்கள் வீட்டைச் சுற்றிலும் காற்றாலைகள். ஆனாலும் கரண்டு பில் ஏறிக்கொண்டே போகிறது. பருவநிலைக் கொள்கை என்று சொல்லிச் செலவை நம் தலையில் கட்டுகிறார்கள். மனம் வெறுத்து இந்தப் பில்லைக் கட்டவில்லை. லைன்மேன் தெருவே கேட்கும்படி பேசிவிட்டுப் போனதில் அம்மா சாப்பிடவே இல்லை. பருவநிலை உரிமை பற்றிய 2024 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வைத்து மதுரை ஹைகோர்ட்டில் ரிட் மனு போடலாமா?

பதில்: அண்ணாச்சி, லைன்மேன் பேசியதை விடுங்கள், வழக்குக்கு அது உதவாது. உங்கள் யூனிட் விலையை நிர்ணயித்தது யார் என்பதுதான் கேள்வி. அரசு அல்ல, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அதன் உத்தரவை எதிர்க்க மின்சாரச் சட்டம் 111-வது பிரிவில் டெல்லியில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, கெடு 45 நாள். 2022 செப்டம்பர் உத்தரவுக்கு அது எப்போதோ போய்விட்டது. ரிட் போட்டால் அங்கே ஏன் போகவில்லை என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

நீங்கள் சொல்லும் தீர்ப்பு கானமயில் என்ற பறவையைக் காக்கப் போட்ட வழக்கில் வந்தது. அது சூரிய மின்சாரம் பெருக வேண்டும் என்ற பக்கம் நிற்பது. எதிர்த்தரப்பு வக்கீல்தான் அதை எடுத்து வாசிப்பார்.

எனக்குக் கவலை கட்டாத பில்தான். 56-வது பிரிவின்படி 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு பியூஸைப் பிடுங்கலாம். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வழக்குக்காக என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் கொள்கைக்காகக் கட்டாமல் இருந்தார். லைன் போனது. மகளுக்குப் பரீட்சை என்று தம்பி வீட்டிலிருந்து மதில் மேலே ஒரு வயரை இழுத்தார். தம்பி கொடுத்த கரண்டுதானே என்று நினைத்துவிட்டார். அனுமதித்த இடத்தை விட்டு வேறு இடத்துக்குக் கொடுத்தால் 126-வது பிரிவு வரும். இரட்டிப்புக் கட்டணம், அதுவும் தம்பி பெயரில். அப்பீல் போக 30 நாள்தான், அதற்கும் பாதித் தொகையை முதலில் கட்ட வேண்டும். சிவில் கோர்ட் பக்கமே போக முடியாது. அண்ணனும் தம்பியும் இன்றுவரை பேசுவதில்லை. அவர் போட நினைத்த வழக்கு தாக்கலாகவே இல்லை.

அப்புறம், நீங்கள் அனுப்பிய அட்டையைப் பார்த்தேன். 510 யூனிட் என்று எழுதியிருக்கிறது. ஆனால் போன ரீடிங்குக்கும் இதற்கும் 69 நாள். இரண்டு மாதம், அதாவது 60 நாளுக்குக் கணக்கிட்டால் 443 தான் வரும். 500-ஐத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்களின் விலையே மாறிவிடும். உங்கள் பில் எகிறியதற்கு இது ஒரு காரணம், உங்களுக்குப் பேச இடம் இருப்பதும் இதில்தான். ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துப் பணத்தைக் கட்டுங்கள். கேட்ட தொகை அல்லது கடைசி ஆறு மாத சராசரி, இதில் எது குறைவோ அதைக் கட்டினால் தகராறு முடியும்வரை லைனை வெட்டக் கூடாது. ரீடிங் தேதியைக் காட்டி மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் மனுக் கொடுங்கள், அங்கே கேட்காவிட்டால் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். நடுவில் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) திருத்தித் தருவதாகச் சொன்னால் எழுதி வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போங்கள்.

கொள்கையைக் கேட்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் நியாயமானது, விட வேண்டாம். கட்டணத்தை மாற்றுமுன் ஆணையம் மக்களின் ஆட்சேபணையைக் கேட்டாக வேண்டும். 2022 ஆகஸ்டில் மதுரையிலேயே கூட்டம் நடந்தது. காற்றாலைக் கரண்டுக்கு எவ்வளவு, நிலக்கரிக்கு எவ்வளவு, கடன் வட்டிக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லி மின்வாரியத்தின் அடுத்த கட்டண மனு வரும்போது ஆணையத்துக்கு எழுதுங்கள். அந்த ஆட்சேபணையின் நகல் கையில் இருந்தால்தான் 45 நாளுக்குள் அப்பீல் போவதில் அர்த்தம் இருக்கும்.

பில்லை நாளைக்கே கட்டுங்கள், ரசீதை அட்டையோடு சேர்த்து வையுங்கள்.