இறந்த தேதி இல்லாத கவிஞர்

கேள்வி: போர்க்காலத்தில் புதுக்குடியிருப்பில் அச்சான ஒரு கவிதை நூலின் போட்டோக் கொப்பி என்னிடம் இருக்கிறது. எழுதியவர் 2009 இல் காணாமற்போனவர். அச்சகமும் இன்று இல்லை. மறுபதிப்புச் செய்யலாமா? இடைஞ்சலாக நிற்கும் புலமைச் சொத்துச் சட்டத்தையே தூக்கி எறிந்தால் என்ன?
– ஆசிரியை ஒருவர், கிளிநொச்சி

பதில்: எறியலாம். அடுத்த புத்தகக் கண்காட்சிக்கு யாரோ ஒரு பதிப்பாளர் பளபளக்கும் அட்டையோடு அதைப் போட்டுவிடுவார். கவிஞரின் அம்மாவுக்கு ஒரு பிரதிகூட வராது. அவர் பக்கத்தைக் கேட்காமல் அச்சடிக்காதே என்று இன்றைக்குச் சொல்வது அந்தச் சட்டம் ஒன்றுதான். எறிய வேண்டாம், திருத்துவோம்.

இலங்கையின் 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆசிரியர் இறந்த பிறகு 50 ஆண்டுதான் பதிப்புரிமை. பேர்ண் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தம் கேட்பதும் அவ்வளவே. 2003 இன் 36 ஆம் இலக்கச் சட்டம் அதை 70 ஆக்கியது. யார் கேட்டார்களோ! மருந்து கண்டுபிடித்தவனுக்கே 20 ஆண்டுதான். 2009 இல் ஒருவர் இறந்திருந்தால் 2079 முடியும்வரை பொறுக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் பார்த்தேன்: மூலையில் ஸ்டேப்ளர் ஊசியின் கறள் கறுப்பாக விழுந்திருக்கிறது, ஓரச் சொற்கள் பாதி அறுந்துவிட்டன. கொப்பியின் கொப்பி. இது 2079 ஐக் காணாது.

உங்கள் கவிஞருக்கோ அந்த 70 ஐ எண்ணத் தொடங்கவே வழியில்லை. மரணப் பதிவுச் சட்டத்தின் 2016 திருத்தத்தின்படி குடும்பம் காணாமற்போனமைச் சான்றிதழ் எடுக்கலாம். அதில் இறந்த தேதி இராது. மகன் இறந்ததாகப் பதியாதவரை தாய் வாரிசா என்பதே கேள்வி. 2017 இலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமற்போன பிள்ளையின் படத்தோடு குந்தியிருந்த அம்மாமாரிடம் போய், பதிப்புரிமைக்காக மரணச் சான்றிதழ் எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கனடாவில் என்றால், ஏற்கெனவே அச்சான ஒரு நூலின் உரிமையாளரைத் தேடியும் காணாவிட்டால், பதிப்புரிமைச் சபையே அந்நாட்டுக்குள் மட்டும் செல்லும் உரிமம் கொடுக்கும். ஸ்காபரோவில் இருக்கும் உங்கள் மச்சான் விண்ணப்பிக்கலாம், கிளிநொச்சியில் இருக்கும் உங்களுக்கு அந்தக் கதவே இல்லை. அந்தக் கதவை இங்கும் திறக்க வேண்டும். காணாமற்போனவரின் நெருங்கிய உறவு கையெழுத்திட்டால் போதும் என்று ஒரு வரியும் சேர்க்க வேண்டும்.

சரி, அதுவரை? வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொப்பி எடுத்துக் கொடுங்கள். கற்பித்தலுக்கான நியாயமான பயன்பாட்டை 2003 சட்டத்தின் 11 ஆம் பிரிவு அனுமதிக்கிறது. மறுபதிப்புக்கு முதலில் அந்த அம்மாவைத் தேடிப் போய்க் கேளுங்கள். போகும்போது ஒரு கொப்பி கொண்டுபோங்கள். அவரிடம் அந்தப் புத்தகம் இருக்காது.